கடைசியில் வருகிற ஆள்

எங்கள் கடை கச்சிராயபாளையத்தில் இருக்கிறது. அப்பா காலத்தில் அது வாடகை சைக்கிள் கடை. அரை மணிக்கு இவ்வளவு, ஒரு மணிக்கு இவ்வளவு என்று சாக்பீஸில் எழுதிய பலகை, பெயரும் நேரமும் குறிக்க ஒரு நீள நோட்டு, வாசலில் ஒரு காற்றடிக்கும் பம்பு. அதே கடையில் இப்போது நான் டிஸ்க் பிரேக்குக்கு ஆயில் மாற்றுகிறேன். விடுமுறை நாட்களில் இன்னொரு வேலையும் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலைச் சைக்கிளோடு வருகிறவர்களைக் கோமுகி அணை, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குக் கூட்டிப்போய், போன கணக்குக் குறையாமல் இறக்கிக்கொண்டு வரவேண்டும்.

கியர் சைக்கிள் வந்த பிறகு முளைத்த புது வேலை இது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, கூட்டத்தோடு சைக்கிளில் போய்த் திரும்புவதற்கென்று ஒரு முறை உருவாகி நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்று. அந்த வரலாறு முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது: கடைசியில் வருகிற ஆளை யார் பார்த்துக்கொள்வது?

முதலில் எங்கள் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் சேர்வராயன், ஜவ்வாது, சித்தேரி, பச்சைமலை இவற்றுக்குப் பக்கத்தில் கிடக்கிறது கல்வராயன். பெரும்பகுதி இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் அடி உயரம். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் வழிவழிக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலையை அரசு தன் கையில் எடுத்தது 1976இல். நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது வருடம் கழித்துத்தான் இந்த மலைக்காரனுக்கு ஜாகீர்தார் போய் அரசாங்கம் வந்தது. சாலையும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும் அந்தக் கணக்கிலேயே பிந்தின.

அதனால் இந்த மலையில் வெகுகாலம் எல்லாம் நடைதான். கடுக்காய், புளி, தேன், சாமை எதுவானாலும் தலைச்சுமையாகக் கீழே இறங்கும். உப்பும் துணியும் மேலே ஏறும். வெள்ளிமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் அந்த நடையைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: “முன்னாடி போறவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும் தம்பி. கடைசியா வர்றவனுக்குத்தான் எல்லாரையும் தெரிஞ்சிருக்கணும். யாருக்குக் கால் வலி, யாரு பசியோட வர்றான், யாரு கோவத்துல வேகமா எறங்குறான், எல்லாம் அவன் கண்ணுலதான் படும்.” இங்கிலாந்தில் சைக்கிள் சங்கம் வைத்தவர்கள் எழுதிவைத்த விதியும் கிட்டத்தட்ட இதுதான்.

1878 ஆகஸ்ட் 5ஆம் தேதி யார்க்ஷயரின் ஹாரோகேட் நகரில் ஸ்டான்லி காட்டரெல் என்பவர் சைக்கிள் பயணிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 1883இலிருந்து அதற்குச் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று பெயர். அன்றைக்கு ஓடியது முன்சக்கரம் ஆளுயரம் இருந்த வண்டி. இறக்கத்தில் ஒரு கல் தட்டினால் ஓட்டுகிறவர் தலைகுப்புறத்தான் விழுவார். பிரேக் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட வண்டிகளில் இருபது முப்பது பேர் சேர்ந்து ஊர்ப்புறச் சாலையில் போவதற்கு ராணுவத்தைப் பார்த்து ஓர் ஒழுங்கு செய்துகொண்டார்கள். முன்னால் கேப்டன். அவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது. பின்னால் துணைக் கேப்டன். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. கூடவே பியூகிள் ஊதுகிற ஒருவர்: ஏறு, இறங்கு, ஒற்றை வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஓசை.

அந்தச் சங்கங்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. 1880களில் செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில், சைக்கிள்காரர்களுக்கு இது ஆபத்தான மேடு என்று எச்சரிக்கும் பலகைகளை அவர்களே செலவு செய்து நட்டார்கள். மோட்டார் கார் வருவதற்கு முந்தைய காலம் அது. இன்று கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் நாம் பார்க்கிற மஞ்சள் பலகைக்கு முன்னோடிகளில் ஒன்று அந்தச் சைக்கிள்காரர்கள் நட்ட பலகை. முதலில் போனவன் பின்னால் வருகிற முகம் தெரியாதவனுக்கு விட்டுப்போன செய்தி என்றும் அதைச் சொல்லலாம்.

1885இல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்து இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவானது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி பத்திரமானதும் தூரம் கூடியது. 1897 ஜூன் 12இல் இத்தாலியில் பன்னிரண்டு பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்துக்குள்ளேயே கடந்தார்கள். தைரியசாலிகள் என்று பொருள்பட அவர்களை ஆடாக்ஸ் என்றார்கள். 1904இல் ஆன்றி தெக்ராஞ்ச் என்பவர் இந்த வழக்கத்தைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அங்கே அது கூட்டுப் பயணமாக விதி பெற்றது. சாலைக் கேப்டன் ஒருவர் வேகத்தைப் பிடித்து வைப்பார். சமதளமோ மேடோ, எல்லோரும் அவர் பின்னால்தான். வலுவான ஆளுக்கு முன்னால் பாய உரிமை இல்லை, வலுவில்லாத ஆளைக் கைவிடவும் யாருக்கும் உரிமை இல்லை. சென்னையிலும் கோவையிலும் இப்போது பலர் போகிற 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேர பிரெவே ஓட்டம் இதே மரபில் பிற்பாடு பிரிந்த கிளை. அதில் அவரவர் வேகம் அவரவருக்கு.

அதே நாட்டில் செயின்ட் எட்டியன் நகரத்தில் பால் தெ விவீ என்றொருவர் இருந்தார். வெலோசியோ என்ற பெயரில் எழுதியவர், 1887இலிருந்து ஒரு சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். மேட்டில் ஏற ஒரே பல்சக்கரம் போதாது, மாற்றிக்கொள்ளக் கியர் வேண்டும் என்று வருடக்கணக்காக வாதாடினார். பந்தயக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். பயணிகளுக்கு அவர் வகுத்த விதிகளின் சாரம் இது: பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, முதல் சில மணி நேரம் உடம்பை விரட்டாதே, பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒருபோதும் பெடல் போடாதே. கடைசி விதியை மட்டும் நான் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். பரிகம் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்கி உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அணைக்கட்டு வரை யாரையோ முந்த ஓட்டியவர்களாகத்தான் இருப்பார்கள்.

சாலை இல்லாத இடத்துக்குச் சைக்கிளைக் கூட்டமாகக் கொண்டுபோன பெரிய முயற்சி அமெரிக்க ராணுவத்தில் நடந்தது. 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் இருபது பேர், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில் 1897 ஜூன் 14இல் மொன்டானாவின் மிசூலா கோட்டையிலிருந்து கிளம்பி ஜூலை 24இல் செயின்ட் லூயிஸ் சேர்ந்தார்கள். 1,900 மைல், 41 நாள். ராக்கி மலைத்தொடரைச் சேற்றிலும் பனியிலும் கடந்தார்கள், சில இடங்களில் ரயில் தண்டவாளத்துக் கட்டைகள் மேலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு டாக்டரும் உடன் போனார். கூடாரமும் சோறும் சைக்கிள் மேலேயே போயின.

இன்று நாம் மலைச் சைக்கிள் என்று சொல்வது கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பிறந்தது. 1976 அக்டோபர் 21இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண் பாதையில் சில இளைஞர்கள் பழைய தடிச் சைக்கிள்களில் இறக்கப் பந்தயம் விட்டார்கள். 3.4 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறங்குகிற பாதை. பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கிற பிரேக்தான் பின்சக்கரத்தில். கீழே போய்ச் சேர்வதற்குள் அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து தீய்ந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் கேப்டனும் இல்லை, துணைக் கேப்டனும் இல்லை. முதலில் யார் என்பது மட்டுமே கேள்வி. அதில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இந்த வேலைக்கென்றே ஒரு சைக்கிள் ஃப்ரேம் பற்றவைத்தார். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலைச் சைக்கிள் கடைக்கு வந்தது. பத்தே வருடத்தில் மலைச் சைக்கிள் உலகம் பூராவும் போனது.

போன வேகத்தில் வம்பும் வந்தது. நடந்து போகிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் புகார் சொன்னார்கள். எண்பதுகளில் மரினில் மணிக்கு 15 மைல் வேகக் கட்டுப்பாடு வந்தது, குருட்டு வளைவில் 5 மைல்தான். ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அதற்குப் பிறகுதான் சைக்கிள்காரர்களே கூடி 1988இல் பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். திறந்த பாதையில் மட்டும் போ, தடத்தைக் கெடுக்காதே, வண்டி உன் பிடியில் இருக்கட்டும், எதிரில் வருகிறவருக்கு வழிவிடு, விலங்கை மிரட்டாதே, புறப்படும் முன் திட்டமிடு என்று விதிகள் எழுதினார்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் கூட்டம் நடத்துகிறவருக்கென்றே பயிற்சியும் சான்றிதழும் வந்தன. ஒரு நூற்றாண்டு சுற்றிவந்து மறுபடியும் கேப்டன், துணைக் கேப்டன். இப்போது பெயர் மட்டும் லீட், ஸ்வீப்.

நம் ஊரில் இந்த அறிவு வேறு வழியில் வளர்ந்தது. சபரிமலைக்கு மாலை போட்ட குழுவில் குருசாமி யார் என்று பாருங்கள். பதினெட்டு முறை மலை ஏறியவர், இருமுடி கட்டுகிறவர், எங்கே தங்குவது, எப்போது நடப்பது என்று தீர்மானிக்கிறவர். கன்னிச்சாமி எத்தனை பேர் என்ற கணக்கு எப்போதும் அவர் மனதில் இருக்கும். எருமேலியிலிருந்து காட்டுப் பாதையில் கரிமலை ஏறும்போது எங்கள் ஊர்க் குழுவில் கன்னிச்சாமிகளை நடுவில்தான் விடுவார்கள். கடைசியில் பழைய சாமி ஒருவர். வருகிறவர் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்பதே அவருக்குச் சரணம் மாதிரி.

சைக்கிளுக்கே வந்தால், புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991இல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் அங்கே தொடங்கியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லட்சம் பேருக்குமேல் கற்றுக்கொண்டார்கள் என்பது கணக்கு. கற்றுக்கொண்ட பெண் அடுத்தவளுக்குப் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கீழே விழாமல் பார்த்துக்கொள்வதும் பாடத்தில் ஒரு பங்கு என்பதை ஒரு மாவட்டமே நடத்திக் காட்டியது. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலஸ் எம்டிபி எங்கள் கடைக்குத் தொண்ணூறுகளில் வந்தபோது, பேருக்குத்தான் மலைச் சைக்கிள். தடித்த டயரும் நேர் ஹேண்டில்பாரும் பார்த்துப் பையன்கள் வாங்கினார்கள், மலைக்கு யாரும் ஓட்டவில்லை. 2008இல் நீலகிரியைச் சுற்றும் டூர் ஆஃப் நீலகிரிஸ் தொடங்கிய பிறகுதான், மார்ஷல், ஆம்புலன்ஸ், கூடவே வரும் மெக்கானிக் என்று ஒரு மலைப் பயணத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

பிறகு குரங்கணி. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல், மேல்நோக்கி ஓடும் தீ, சிதறிய கூட்டம். நெருப்பு நம்மைவிட வேகமாக மேட்டில் ஏறும் என்பது மலையில் வாழ்கிறவனுக்குத் தெரியும், நகரத்திலிருந்து வருகிறவனுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அந்த வருடமே தமிழக அரசு வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு திட்டம் வந்தது. வழிகாட்டிகள் அந்தந்த மலைப்பக்கத்துப் பழங்குடி, கிராம இளைஞர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் நாங்கள் தார்ச்சாலையை விட்டு வனத்துக்குள் சக்கரம் வைப்பதில்லை.

இந்த வரலாறெல்லாம் வெள்ளிமலைச் சாலையில் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்பது கிலோ ஆள், பத்து கிலோ சைக்கிள். அறுநூறு மீட்டர் உயரத்திலிருந்து பிரேக் பிடித்தபடியே இறங்கினால் அந்தப் பிரேக்குகள் விழுங்குகிற சூடு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். காற்று கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ரீபேக்கில் கிரீஸ் தீய்ந்ததற்கும், எங்கள் இறக்கத்தில் பிரேக் லீவர் திடீரென்று கைப்பிடி வரை வந்து ஒட்டுவதற்கும் காரணம் ஒன்றே. அதனால் கீழே புறப்படும் முன் ஒவ்வொரு வண்டியையும் முன் பிரேக் பிடித்துத் தள்ளிப் பார்ப்பேன், பின் பிரேக் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வரவிடமாட்டேன். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடி, வளைவில் விடு, நடுநடுவே நின்று ஆறவிடு.

நிற்கிற இடம் வளைவில் இருக்கக்கூடாது. வளைவைத் தாண்டி, மேலிருந்து வருகிற பஸ் டிரைவருக்கு நூறடி முன்பே தெரிகிற இடத்தில், வண்டியை மண்ணில் ஏற்றி நிறுத்த வேண்டும். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், அதற்குக் கோபித்துப் பயனில்லை. பிரிவு வருகிற இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நகரக்கூடாது. எட்டுப் பேருக்கு மேல் ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாது, அதற்கு மேல் என்றால் இரண்டு கூட்டம். பல திருப்பங்களில் செல்போன் டவர் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்பதையும், எந்த ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது என்பதையும் கிளம்பும் முன் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். மாசி பிறந்து புல் காய்ந்துவிட்டால் மதியத்துக்கு முன் இறங்கிவிடுவோம்.

என்னிடம் வழிநடத்தக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளை முதலில் கடைசியில்தான் ஓட்டவிடுகிறேன். ஒரு பருவம் முழுக்க ஸ்வீப். முன்னால் போகிற ஆசை உள்ளவனுக்கு அது தண்டனையாகப் படும். “அண்ணா, மெதுவா ஓட்டவா ட்ரெய்னிங்?” என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். பஞ்சர் ஒட்டுவது, செயின் அறுந்தால் கோர்ப்பது, மயக்கம் வந்தவருக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, தோள் இறங்கியவருக்குத் துணியால் கட்டுப் போடுவது, தன்னால் முடியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவரை வெட்கப்படாமல் பஸ் ஏற்றிவிடுவது இவ்வளவும் கடைசி இடத்தில்தான் கற்க முடியும். முன்னால் இருப்பவனுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

ஒன்று மட்டும் இன்னும் நடக்கவில்லை: இந்த வேலை மலைக்காரர்கள் கைக்கே போய்ச் சேரவில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26இல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபது பேருக்குமேல் செத்த பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், பிழைப்பு எல்லாம் அங்கே பேச்சுக்கு வந்தன. பிழைப்பு என்பது இங்கே வெறும் சொல் இல்லை. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திர போலீசார் சுட்டதில் இறந்த இருபது பேரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துக் கூலி ஆட்கள். ஆள் சேர்த்து அனுப்புகிற தரகர் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை. மலையில் கூட்டம் நடத்துவது என்ற வேலையின் மிகக் கேடான வடிவம் அது: கூட்டத்தோடு போகாமலே கூட்டத்தை நடத்துவது.

அதனால் என் கோரிக்கை எளியது. வெள்ளிமலையில் சைக்கிள் கூட்டத்தை முன்னின்று நடத்த வேண்டியது கீழ்நாட்டுக் கடைக்காரனான நான் இல்லை. அந்த மலையின் பையன்களும் பெண்களும். பாதை அவர்களுக்குத் தெரியும், மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியும், வரிசையில் கடைசி ஆளைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பாட்டன் காலத்து வழக்கம். இல்லாதது மூன்று: சைக்கிள், முதலுதவிப் பயிற்சிக்கான சான்றிதழ், நாள் கூலி. மலையேற்றத்துக்கு அரசு இதைச் செய்திருக்கிறது, சைக்கிளுக்கும் செய்யலாம். செய்கிற வரை, மேலே இருந்து வருகிற எந்தப் பிள்ளைக்கும் என் கடையில் பயிற்சிக்குக் காசு கிடையாது. வண்டி நான் தருகிறேன். ஒரே நிபந்தனை, முதல் பருவம் ஸ்வீப்தான்.